மூன்று கொட்டேஷன், மூன்று ஊர்: என்ட்ரி போடுற மெஷின் எதை வாங்குவது?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்க அத்தான் மூன்று கொட்டேஷனை மஞ்சப்பையில் சுருட்டி வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். சின்னதாக ஒரு கூட்டுறவு வங்கியில் இயக்குநர் குழுவில் இருக்கிறார். மூன்று கிளைகளுக்கு, கவுண்டரில் ஆள் இல்லாமலே பாஸ்புக்கில் என்ட்ரி போடுகிற மெஷின் வாங்கப் போகிறார்கள். "மாப்ளே, விலையை நாங்க பேசிக்கிடுதோம். இதுல எது நிக்கும், எது படுத்துக்கிடும்னு மட்டும் நீ சொல்லு" என்றார். பதினாறு வருஷம் இந்தப் பக்கம் ஏடிஎம்மும் பாஸ்புக் மெஷினும் சர்வீஸ் பார்த்தவன் நான். தென்காசி தனி மாவட்டம் ஆனது 2019இல்தான், அதற்கு முன்பிருந்தே அந்த ரோட்டில் டூல்ஸ் பையோடு பைக் ஓட்டியவன். அன்றைக்கு அவருக்குச் சொன்னதை, அப்புறம் யோசித்துச் சேர்த்ததோடு இங்கே எழுதுகிறேன்.

கிளைகள் மூன்றும் மூன்று விதம். ஒன்று திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம், ஆற்றுக்குக் கூப்பிடு தூரம். இன்னொன்று முக்கூடலில், வருகிறவர்களில் பாதிக்கு மேல் பீடி சுற்றும் பெண்கள். மூன்றாவது உவரி, வாசலில் நின்றால் கடல் காற்று உதட்டில் கரிக்கும். மூன்றுக்கும் ஒரே மெஷின் என்று கொட்டேஷன் வாங்கியதே முதல் தப்பு என்று சொன்னேன். அத்தானுக்கு அது பிடிக்கவில்லை, ஆனாலும் கேட்டுக்கொண்டார்.

முதல் கொட்டேஷன் பெரிய கம்பெனியுடையது. எல்லாம் சேர்த்து ஒரே பெட்டி, பெரிய தொடுதிரை, புத்தகத்தை உள்ளே நீட்டினால் தானே பக்கம் புரட்டிக்கொள்ளும். இரண்டாவது உள்ளூர்க்காரர் கொடுத்தது: பேட்டை தொழிற்பேட்டையில் பெட்டி அடித்து, அதற்குள் வங்கிக் கவுண்டர்களில் நாம் எல்லோரும் பார்த்திருக்கிற அதே ரக பாஸ்புக் பிரிண்டர், ஃபேன் இல்லாத சின்ன பிசி, பார்கோடு ஸ்கேனர், யுபிஎஸ். மூன்றாவது, வேறொரு வங்கி கழித்துப் போட்ட மெஷின்களைத் துடைத்து, பெயின்ட் அடித்து, முதலாவதன் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத் தருகிறேன் என்பது.

மூன்றாவதை முதலில் முடித்துவிடலாம். உள்ளே ஓடுவது விண்டோஸ் 7. அதற்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2020 ஜனவரியோடு நின்றுவிட்டது. அதற்கும் முன்னால் வந்த எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலிலேயே நின்றது, ஆனாலும் நாடு முழுக்க ஏடிஎம்கள் அதிலேயே ஓடிக்கொண்டிருந்ததால் ரிசர்வ் வங்கி 2018 ஜூனில் சுற்றறிக்கை போட்டு, ஆதரவு உள்ள சாஃப்ட்வேருக்கு மாறத் தவணை வைத்து வங்கிகளை விரட்டியது. பாஸ்புக் மெஷின் ஏடிஎம் இல்லைதான், பணம் கொடுக்காதுதான். ஆனால் வங்கியின் உள் நெட்வொர்க்கில்தானே உட்கார்ந்திருக்கிறது, ஆடிட்டர் முதல் வரியிலேயே எழுதுவார். அது போக, பழைய மெஷினில் ரப்பர் ரோலர் எல்லாம் இறுகிக் கல்லாகியிருக்கும், பெயின்ட் அடித்து அதை மறைக்க முடியாது. சொல்லப்போனால் சாதாரண விண்டோஸ் 10க்கே 2025 அக்டோபர் 14ஓடு ஆதரவு முடிந்தது. இந்த மாதிரி மெஷின்களுக்கென்றே உள்ள விண்டோஸ் 10 ஐஓடி என்டர்பிரைஸ் எல்டிஎஸ்சி 2021 என்ற பதிப்புக்கு 2032 ஜனவரி வரை இருக்கிறது. யாரிடம் வாங்கினாலும் பதிப்பின் முழுப் பெயரை எழுதி வாங்குங்கள், "விண்டோஸ் 10 சார்" என்று வாயால் சொல்வதை நம்ப வேண்டாம்.

சரி, இனி மற்ற இரண்டும்.

என்ட்ரி மெஷின் என்பது அதற்குள் இருக்கிற பிரிண்டர்தான், மற்றதெல்லாம் அதற்கு மாட்டிய சட்டை. திரை எத்தனை அங்குலம், வாசலில் எல்இடி என்ன கலர் என்று கொட்டேஷனில் அரைப் பக்கம் எழுதியிருக்கிறார்கள், பிரிண்டரைப் பற்றி ஒரே வரி. பாஸ்புக்குக்கு இன்றைக்கும் டாட் மேட்ரிக்ஸ்தான். தைத்த புத்தகம், நடுவில் மேடு, ஒரு பக்கம் தடிமன், ஒரு பக்கம் மெல்லிசு. இதில் ஊசியால் அடித்து எழுதுவதுதான் நிற்கும். எப்சன் பிஎல்க்யூ வரிசை, ஒலிவெட்டி பிஆர்2 மாதிரி பிரிண்டர்கள் வருஷக்கணக்காகக் கவுண்டர்களில் கிடப்பதால் அதைக் கழற்றி மாட்டத் தெரிந்த பையன்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். இது விவரத்தாளில் வராத ஒரு தகுதி, என் கணக்கில் முதல் தகுதியும் அதுதான்.

நம் ஊர் பாஸ்புக் எந்த நிலைமையில் மெஷினுக்கு வருகிறது என்று டெல்லியிலோ மும்பையிலோ இருந்து வடிவமைக்கிறவருக்குத் தெரியாது. சுருக்குப்பையில் வெற்றிலையோடு இரண்டாக மடிந்து கிடந்து வரும். இடுப்பில் செருகி, வேர்வையில் ஊறி வரும். உள்ளே ஆதார் ஜெராக்ஸ், ரேஷன் கார்டு, பேரன் போட்டோ. எல்லாவற்றையும்விட எமன், ஸ்டேப்ளர் பின். பணம் கட்டிய சீட்டைப் புத்தகத்தில் பின் அடித்தே வைத்திருப்பார்கள். பிரிண்டரின் ஹெட்டில், அதாவது அச்சடிக்கிற தலையில், இருக்கிற 24 ஊசியில் ஒன்று அந்தப் பின்னில் மோதினால் போச்சு, அதற்குப் பிறகு அடிக்கிற ஒவ்வொரு வரியிலும் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு ஓடும். ஒரு தடவை கல்லிடைக்குறிச்சிப் பக்கம் ஒரு ஆச்சி அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு, "ஏன் ஐயா, என் பணத்தை அடிச்சு விட்டுட்டீங்களே" என்று மேனேஜர் முன்னால் அழுதே விட்டார்கள். டூப்ளிகேட் ரிப்பனும் இதே வேலையைப் பார்க்கும், துணி நைந்து நூல் பிரிந்து ஊசியில் சிக்கி இழுக்கும். ரிப்பனில் மிச்சம் பிடிக்கிற காசு ஹெட் மாற்றும்போது மொத்தமாகப் போகும்.

இப்போது அந்தத் தானே பக்கம் புரட்டும் வசதி. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது, டெமோவில் புதுப் புத்தகத்தை வைத்துப் புரட்டிக் காட்டினபோது குழுவே மயங்கிவிட்டதாக அத்தான் சொன்னார். ரப்பர் உருளை பக்கத்தை உரசித் தூக்கும், அடியில் காகிதத்தை நகர்த்தும், சென்சார் எந்தப் பக்கம் என்று பார்க்கும். புத்தகம் மொடமொடவென்று இருக்கிறவரை நன்றாக வேலை செய்யும். ஆடி மாசச் சாரலில் செங்கோட்டைப் பக்கம் காகிதம் ஈரத்தை உறிஞ்சித் துவண்டு கிடக்கும்போது இரண்டு பக்கம் சேர்ந்து புரளும், இல்லையென்றால் புத்தகத்தையே சுருட்டி உள்ளே இழுத்துக்கொள்ளும். அப்புறம் சாவி வைத்திருக்கிற ஆள் வந்து திறந்தால்தான் புத்தகம் வெளியே வரும். நகருகிற உறுப்பு ஒன்று கூடினால் ரிப்பேர் ஒன்று கூடும், இதில் ரகசியம் எதுவும் இல்லை.

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. பக்கம் புரட்டாத மெஷினில், எழுதப் படிக்கத் தெரியாதவர் சரியான பக்கத்தைத் திறந்து வைக்க வேண்டும். தவறான பக்கம் வைத்தால் மெஷின் புத்தகத்தைத் துப்பும். பல இடங்களில் கடைசியில் வாட்ச்மேன்தான் பக்கத்தில் நின்று எல்லோருக்கும் போட்டுக் கொடுக்கிறார், பெயர் மட்டும் சுயசேவை. இதற்கு நான் சொன்ன வழி தமிழில் பேசும் குரல்: "பக்கம் முடிஞ்சிட்டு, அடுத்த பக்கத்தைத் திருப்பி வைங்க" என்று நம் பேச்சிலேயே பதிவு செய்து போட்டால் பாதி பிரச்சினை தீரும். 2014 ஜூலைக்குப் பிறகு வைக்கிற புது ஏடிஎம் எல்லாவற்றிலும் குரல் வழிகாட்டலும் பிரெய்ல் கீபேடும் இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. பாஸ்புக் மெஷினுக்கும் அதைச் செய்தால் யார் வேண்டாம் என்று சொல்லப்போகிறார்கள்? ஒரு ஸ்பீக்கர் என்ன விலை வந்துவிடும்.

அடுத்து, இரண்டு கொட்டேஷனிலும் பெரிய எழுத்தில் போட்டிருந்த எம்டிபிஎஃப். அதாவது சராசரியாக எத்தனை மணி நேரத்துக்கு ஒரு முறை பழுதாகும் என்ற எண். 10,000 மணி நேரம் என்று இருந்தால், தினம் பத்து மணி நேரம் ஓடும் மெஷின் ஆயிரம் நாள் பழுதில்லாமல் ஓடும் என்று அத்தான் கணக்குப் போட்டு வைத்திருந்தார். அப்படி இல்லை. அது நிறைய மெஷின்களைச் சேர்த்துப் பார்த்த சராசரி, அதுவும் ஏசி அறையில், நேரத்தில் கால் பங்கு மட்டும் அச்சடிக்கிற மாதிரி அளவில் போட்ட கணக்காக இருக்கும். மூன்றே மெஷின் வாங்குகிற வங்கிக்கு அந்த எண் எதையும் சொல்லாது.

நான் வேறு கணக்கு போட்டுக் காட்டினேன். ஒரு மெஷின் 90 நாளைக்கு ஒரு தடவைதான் பழுதாகிறது, ஆனால் ஸ்பேர் சென்னையிலிருந்து வர மூன்று நாள் ஆகிறது என்று வையுங்கள். 93 நாளில் 90 நாள் ஓடியிருக்கிறது, 96.8 சதவீதம். இன்னொன்று மாதம் ஒரு தடவை மக்கர் செய்கிறது, ஆனால் அரை நாளில் சரியாகிவிடுகிறது. 30.5க்கு 30, அதாவது 98.4 சதவீதம். மூன்று மடங்கு அதிகமாகக் கெட்டுப்போகிற மெஷின்தான் அதிக நாள் ஓடியிருக்கிறது! இதைப் பார்த்துவிட்டு அத்தான் கொஞ்ச நேரம் பேசவில்லை. சென்னையில் சாயங்காலம் ஆம்னி பஸ்ஸில் பார்சல் போட்டால் காலையில் நம் ஊரில் எடுத்துக்கொள்ளலாம், தூரம் ஒரு காரணமே இல்லை; அந்தப் பார்சலைப் போடச் சொல்லி ஒப்புதல் கொடுக்க வேண்டிய ஆள் எத்தனை பேர், அவர்கள் மெயிலுக்கு எப்போது பதில் போடுவார்கள் என்பதில்தான் அந்த மூன்று நாளும் கரையும். ஆகவே வாங்குமுன் கேட்க வேண்டியது: ஹெட், ரோலர், பவர் சப்ளை இந்த மூன்றும் திருநெல்வேலியில் யார் கையில் இருப்பில் இருக்கிறது?

என் யோசனை இதைவிட எளிது. மூன்று கிளைக்கும் ஒரே மாடல் பிரிண்டர், நான்காவதாக ஒன்றை வாங்கித் தலைமைக் கிளை அலமாரியில் துணி போட்டு மூடி வையுங்கள். பழுதானால் கிளையில் இருக்கிற பையனே கழற்றி மாற்றலாம், பழையதை ரிப்பேருக்கு நிதானமாக அனுப்பலாம். இரண்டாவது கொட்டேஷனில் இது முடியும், கவுண்டர் பிரிண்டரைத்தான் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். முதலாவதில் பிரிண்டரும் பெட்டியும் ஒன்றோடு ஒன்று பின்னிக் கிடப்பதால் முடியாது.

தொடுதிரை வேண்டவே வேண்டாம் என்றேன். புத்தகத்தை வைத்தால் அடிக்க வேண்டும், இதில் எதைத் தொட வேண்டியிருக்கிறது? கட்டாயம் வேண்டும் என்றால் கெட்டிக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற கெப்பாசிட்டிவ் வகை பரவாயில்லை, ஈரக் கை வைத்தால் கொஞ்சம் தடுமாறும், அவ்வளவுதான். ரெசிஸ்டிவ் வகையில் மேலே இருக்கிற பிளாஸ்டிக் படலத்தைச் சாவியாலும் நகத்தாலும் கீறியே கொன்றுவிடுவார்கள். இன்ஃப்ராரெட் வகையில் திரையின் ஓரச் சட்டத்தில் ஒளிக்கதிர் ஓடும், அதை எது மறித்தாலும் விரல் என்று நினைத்துக்கொள்ளும். ஐப்பசி மழைக்கு ஈசல் கிளம்பிய ராத்திரி ஒன்றில், அந்த வகை மெஷின் தன்பாட்டுக்கு மொழியை மாற்றி மாற்றி விளையாடிக்கொண்டிருந்ததை நான் நின்று பார்த்திருக்கிறேன். திரை வெளிச்சத்துக்கு வந்த ஈசல்தான் பட்டனை அழுத்திக்கொண்டிருந்தது.

விரல் ரேகை வைக்கலாமா என்றும் ஒரு கேள்வி. முக்கூடலுக்கு அது ஆகவே ஆகாது. இலை வெட்டி, தூளை வைத்துச் சுருட்டி, நுனியை மடக்கி வருஷக்கணக்கில் உழைத்த விரலில் ரேகை தேய்ந்து வழவழவென்று இருக்கும். மெஷின் மறுக்க மறுக்க அந்தப் பெண்கள் விரலைச் சேலையில் துடைத்துத் துடைத்து வைப்பதைப் பார்க்கவே சங்கடமாக இருக்கும். தப்பு மெஷின் மேல், கூனிக் குறுகுவது அவர்கள். பாஸ்புக்குக்கு பார்கோடு ஸ்டிக்கர் போதும். ஆனால் ஸ்கேனர் ஒற்றைக் கோடு லேசராக இல்லாமல் படம் பிடித்துப் படிக்கிற இமேஜர் வகையாக இருக்கட்டும், கீறல் விழுந்த ஸ்டிக்கரையும் அது பெரும்பாலும் படித்துவிடும். ஸ்டிக்கர் மேலே ஒரு லேமினேஷன் படலம் ஒட்டிக் கொடுங்கள், வேர்வைக்கு மை ஓடாது.

கரண்டைப் பற்றி யாரும் கேட்பதில்லை, மெஷின்கள் சாவது பெரும்பாலும் அதனால்தான். நான் போய்ப் பார்த்த "போர்டு போயிட்டு சார்" கேஸ்களில் பாதிக்கு மேல் எர்த் சரியில்லாத இடங்கள். மீட்டரை எடுத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே வைத்தால் 2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும், 15, 20 என்று காட்டிய கிளைகளைப் பார்த்திருக்கிறேன். எர்த் குழி வெட்டி வருஷம் பத்தாகியிருக்கும், ஒரு குடம் தண்ணீர்கூட யாரும் ஊற்றியிருக்க மாட்டார்கள். யுபிஎஸ்ஸில், வருகிற கரண்டை முழுக்க மாற்றிச் சீராக்கியே கொடுக்கிற ஆன்லைன் வகைதான் வாங்க வேண்டும், விலை குறைவு என்று லைன் இன்டராக்டிவ் போட்டால் வோல்டேஜ் ஏறி இறங்குகிற கிராமப்புற லைனில் அதன் ரிலே டக்கு டக்கு என்று அடித்துக்கொண்டே இருக்கும். 1 கேவிஏ யுபிஎஸ், 12 வோல்ட் 42 ஏஎச் பேட்டரி மூன்று வைத்தால், இந்த மெஷின் இழுக்கிற சுமார் 150 வாட் லோடுக்கு ஐந்து மணி நேரம் தாராளமாகத் தாங்கும். ஒன்று மட்டும் கவனம்: தண்ணீர் ஊற்ற வேண்டாத, மூடிய எஸ்எம்எஃப் பேட்டரியின் ஆயுள் 25 டிகிரி சூட்டுக்குச் சொல்வது, அதற்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஏறத்தாழப் பாதியாகக் குறையும். பாளையங்கோட்டையில் மே மாதம் 40 டிகிரி தொடுவது ஒன்றும் புதிதில்லை. ராத்திரி ஏசியை நிறுத்தி ஷட்டரைச் சாத்தினால் உள்ளே இன்னும் கூடும். ஐந்து வருஷம் என்று சொல்லி விற்ற பேட்டரி இரண்டு வருஷத்தில் வயிறு உப்பிக் கிடக்கும்.

மூன்று ஊருக்கும் ஒரே மெஷின் தப்பு என்று சொன்னேனே, அதற்கு வருகிறேன். பிரிண்டர் ஒரே மாடலாக இருந்தாலும் பெட்டி ஊருக்குத் தகுந்த மாதிரி மாற வேண்டும். ஜங்ஷன் கிளைக்கு முக்கியம் உயரம். 2023 டிசம்பர் 17, 18 யாருக்கும் மறந்திருக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது, தாமிரபரணி ஜங்ஷனுக்குள் வந்துவிட்டது. தண்ணீர் வடிந்த பிறகு நான் திறந்து பார்த்த மெஷின்களில் மேலே இருந்த பிரிண்டர் பிழைத்திருந்தது, அடியில் வைத்திருந்த பிசியும் யுபிஎஸ்ஸும் சேற்றோடு சேறு. ஏறக்குறைய எல்லாப் பெட்டியிலும் பிசியை அடித்தட்டில்தான் வைக்கிறார்கள், கனமானது கீழே இருக்கட்டும் என்று. பேட்டைக்காரரிடம் சொன்னால் பிசியைப் பிரிண்டருக்குப் பின்னால் மேல்தட்டில் வைத்துத் தருவார், பேட்டரிக்குச் சுவரில் மூன்றடி உயரத்தில் ஆங்கிள் அடித்துக்கொள்ளலாம். பெரிய கம்பெனிக்காரர் ஒரு துளையைக்கூட மாற்ற மாட்டார், அவர் பக்கம் அது நியாயம்தான், ஆயிரக்கணக்கில் ஒரே அச்சில் செய்கிறவர்.

உவரிக்கு உப்புக் காற்று. இரும்புத் தகட்டில் பவுடர் கோட்டிங் அடித்தது பார்வைக்கு நன்றாக இருக்கும், ஆனால் வெட்டிய ஓரத்திலும் ஸ்குரூ துளையிலும் துரு உள்ளே புகுந்து கோட்டிங்கை அப்பளம் மாதிரி தூக்கிவிடும். ஸ்டெயின்லெஸ் என்று போனால் 304 ரகம்கூடக் கடலோரத்தில் பழுப்புக் கறை பிடிக்கும், மாலிப்டினம் கலந்த 316தான் தாங்கும். 202 தகட்டைக் காட்டி 304 என்று சொல்லுகிறவர்களும் உண்டு, தகட்டின் சோதனைச் சான்றிதழைக் கேளுங்கள். உள்ளே போர்டுகளுக்குப் பாதுகாப்புப் பூச்சு அடித்திருக்கிறார்களா என்பது அதைவிட முக்கியம், இந்த ஒரு விஷயத்தில் முதல் கொட்டேஷன்தான் மேல், அதில் எழுத்திலேயே கொடுத்திருக்கிறார்கள். உள்ளூர்க்காரரிடம் கேட்டபோது "ஸ்ப்ரே அடிச்சுக் குடுக்கேன் அண்ணாச்சி" என்றார். என்ன ஸ்ப்ரே என்று கேட்டால் பதில் வரவில்லை. அதனால் உவரிக்கு மட்டும் முதலாவதையே வாங்கலாமா என்றும் ஒரு நாள் யோசித்தேன். ஸ்பேர் பிரிண்டர் கணக்கு உடைந்துபோகும் என்பதால் விட்டுவிட்டேன். கிளைக்குள் ஏசி ஓடுகிற இடத்திலேயே மெஷினை வைத்து, 316 பெட்டி, முறையாகப் பூச்சு அடித்த போர்டு என்று ஆர்டரிலேயே எழுதச் சொன்னேன்.

பல்லி, எறும்பு எல்லா ஊருக்கும் பொது. கேபிள் நுழைகிற துளையை ரப்பர் வளையம் போட்டு அடையுங்கள், காற்று போகிற இடத்தில் நுண் வலை. பல்லி செத்துக் கிடக்கும் பவர் சப்ளையை வாரண்டியில் யாரும் எடுக்க மாட்டார்கள்.

கடைசியில் அத்தான் மெல்ல ஆரம்பித்தார், அப்படியே பணம் போட்டு எடுக்கிற மெஷினும் ஒன்று ஜங்ஷனுக்கு வாங்கிவிடலாமா என்று. இப்போதைக்கு வேண்டாம் என்றேன். பெட்டகத்தோடு சேர்த்து அரை டன்னுக்கு மேல் கனம், தரை தாங்க வேண்டும். நோட்டின் அளவு மாறினால் உள்ளே எல்லாம் மாற்ற வேண்டும். பழைய நூறு ரூபாய் 73க்கு 157 மில்லிமீட்டர், இப்போது வருவது 66க்கு 142. 2016 நவம்பரில் ராத்திரி பகலாகக் கேசட் மாற்றிய முதுகுவலி எனக்கு இன்னும் இருக்கிறது. போதாததற்கு 2021 அக்டோபரிலிருந்து மாதத்தில் பத்து மணி நேரத்துக்கு மேல் பணம் இல்லாமல் கிடந்தால் ஏடிஎம் ஒன்றுக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம் என்று வந்தது. மூன்று கிளை வங்கிக்கு எதற்கு இந்த இழவு.

ஆக, நான் எழுதிக் கொடுத்தது இரண்டாவது கொட்டேஷன், ஆனால் திருத்தங்களோடு: ஒரே மாடல் பிரிண்டர் நான்கு, எல்டிஎஸ்சி பதிப்பு, இமேஜர் ஸ்கேனர், தமிழ்க் குரல், ஆன்லைன் யுபிஎஸ், மேல்தட்டில் பிசி. ஏஎம்சியில், அதாவது வருஷாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தத்தில், ஹெட்டை "தேய்மானப் பொருள்" என்று சொல்லிக் கழட்டிவிடும் வரியை அடிக்கச் சொன்னேன், முடியாது என்றால் ஹெட்டுக்கு இப்போதே விலையைப் பேசி மூன்று வருஷத்துக்குக் கட்டிப்போடச் சொன்னேன். உள்ளூர்க்காரர் நாளைக்குக் கடையை மூடினால் என்ன செய்வது என்று குழுவில் ஒருவர் கேட்டாராம். சரியான கேள்வி. பெட்டியின் வரைபடமும் சாஃப்ட்வேரின் மூலக் கோப்பும் வங்கியிடம் ஒரு பிரதி இருக்க வேண்டும் என்று அதையும் சேர்த்தோம்.

முக்கூடலுக்கு ஒரு மெஷின் போதுமா, இரண்டா என்பது மட்டும் பாக்கி. நான் கடிகாரம் வைத்துப் பார்த்தவரை ஒரு ஆளுக்கு ஒரு நிமிஷம் ஆகும், 200 பேர் வந்தால் மூன்று மணி இருபது நிமிஷம் வரிசை நகரும். 2023 செப்டம்பரிலிருந்து மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் மாதா மாதம் 15ஆம் தேதி வாக்கில் ஏறுகிறது, அதோடு பீடிக் கூலியும் சேர்ந்து வருகிற நாளில் எத்தனை பேர் புத்தகத்தோடு வருகிறார்கள் என்று கிளையில் யாரிடமும் எண்ணிக்கை இல்லை. வருகிற 15ஆம் தேதி காலையில் நானே போய் வாசலில் உட்கார்ந்து எண்ணிவிட்டு வருகிறேன் என்று அத்தானிடம் சொல்லியிருக்கிறேன்.